ஜீரோ கேட் வழியாக ஐரோப்பா

சென்னை அடுக்குமாடிகளில் இப்போது ஒரு புதுச் சடங்கு நடக்கிறது. கோடை விடுமுறைக்கு ஆறு மாதம் முன்பே குடும்பம் கூடி உட்கார்ந்து எக்செல் கோப்பைத் திறக்கிறது. கட்டுச்சோற்றுக் கூட்டத்தோடு பேருந்தில் போகிற ஐரோப்பாவெல்லாம் பழசு. இப்போது கார் எடுத்துத் தாங்களே ஓட்ட வேண்டும். மியூனிக்கில் சாவி வாங்கி, ஆஸ்திரியா வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, ஸ்லோவேனியாவில் ஒரு ராத்திரி தங்கி, குரோவேஷியாவின் ஏட்ரியாடிக் கடலில் கால் நனைக்க வேண்டும். குரோவேஷியாவும் 2023 ஜனவரியில் ஷெங்கன் வட்டத்தில் சேர்ந்துவிட்டதால் நாலு நாட்டுக்கும் ஒரே விசா. வழியில் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கும் வேலைகூட அநேகமாக இருக்காது.

வேலை எல்லாம் கிளம்புவதற்கு முன்புதான். விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. வங்கிக் கணக்கு விவரம், ஹோட்டல் பதிவு, எந்த நாள் எந்த ஊர் என்ற அட்டவணை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஆஸ்திரியாவின் நெடுஞ்சாலையில் ஏற ஒரு வில்லை, ஸ்லோவேனியாவுக்குத் தனியாக இன்னொன்று. ஜெர்மன் நகரங்களின் மையப்பகுதிக்குள் நுழைய, இந்த வண்டி புகை கக்காது என்று சொல்லும் பச்சை ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் எந்தக் கண்ணாடியில் எந்த மூலையில் ஒட்டப்பட வேண்டும் என்பது வரை படித்து வைத்திருக்கிறார்கள் நம் மக்கள். கெட்டிக்காரர்கள்.

போய் வரட்டும். யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. இவ்வளவு திட்டமிடத் தெரிந்த அந்தக் கைகள் அதே கோப்பில் இன்னொரு தாளைத் திறந்து, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு பயணம் போட்டுப் பார்க்கட்டும் என்பதுதான் வட சென்னைக்காரர்களான எங்கள் விண்ணப்பம். இருபது கிலோமீட்டரைக்கூடத் தொடாத தூரம். வடக்கு நோக்கிப் போனால் வலக்கைப் பக்கம் முழுக்க வங்கக் கடல். இதுவும் எல்லை தாண்டுகிற பயணம்தான். எல்லைக்கோட்டை வரைபடத்தில் போடவில்லை, அவ்வளவே. பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் கால் டாக்ஸிக்காரர் சவாரியை ரத்து செய்கிறாரே, அங்கே இருக்கிறது அந்தக் கோடு. பெண் பார்க்க வருகிறவர்கள் ‘வீடு எந்த ஏரியா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் பஜ்ஜியைக் கீழே வைக்கிறார்களே, அங்கேயும் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பயமில்லாமல் தாண்டி வருகிறவர்கள் சினிமாக்காரர்கள் மட்டும்தான். கேமராவோடு வருவார்கள், நாலு குத்து, ரெண்டு கொலை எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பிவிடுவார்கள்.

எங்கள் சாலையில் முதல் மரியாதை பெறுகிற பயணி கன்டெய்னர் பெட்டி. அதற்கு எல்லா ஆவணங்களும் உண்டு, சீல் உண்டு, காப்பீடு உண்டு. ராயபுரம் பக்கம் ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் நுழைந்தால் ஹாம்பர்க், ராட்டர்டாம் என்று எந்த ஊருக்கும் போகலாம். அதன் வசதிக்காகத்தான் சாலை, அதன் வசதிக்காகத்தான் சிக்னல். கடலோரத்திலிருந்து குப்பங்களைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோய் வைத்ததும் அந்தச் சாலையை அகலப்படுத்தத்தான். கார்களும் இதே வழிதான். ஒரகடத்தில் செய்த நிசான் மைக்ராக்கள் 2010-லிருந்து எண்ணூர் துறைமுகத்தில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின. ஏதோ ஒரு ஜெர்மன் குடும்பம் அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு இத்தாலியக் கடற்கரைக்குப் போயிருக்கும். அந்தக் கார் முதலில் பார்த்த கடல் எங்களுடையது. 1955-இல் திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்ட ராயல் என்ஃபீல்டின் கதையும் இதே ரகம். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் புல்லட் இங்கே ஓடியது. இன்று ஆல்ப்ஸ் மலையில் ஏறுகிறது. அதைப் பூட்டிய தொழிலாளி ஷிஃப்ட் முடிந்து ட்ரெய்லர்களுக்கு நடுவே சைக்கிளில் வீட்டுக்கு வந்தான்.

அந்த ட்ரெய்லர் வரிசையைப் பார்க்காதவர் வட சென்னையைப் பார்க்காதவர். ஜீரோ கேட்டில் தலை வைத்தால் வால் எர்ணாவூர் பக்கம் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் ஓட்டுநருக்கு அந்தச் சட்டம் தேவையில்லை. வண்டி நகர்ந்தால்தானே ஓட்டுவதற்கு? ஓய்வோ ஓய்வு. சோறு வண்டிக்குக் கீழே, தூக்கம் ஸ்டீயரிங் மேலே, மற்றதெல்லாம் சாலையோரம்.

“இன்னாண்ணா, நேத்தும் இங்கதான நின்னுகினு இருந்தே?” என்று டீக்கடைப் பையன் கேட்பான்.

“நேத்து அந்த லைட் கம்பத்தாண்ட நின்னேன் நைனா. இன்னிக்கு இந்தக் கம்பம்” என்பார் ஓட்டுநர், ஒரு நாட்டைக் கடந்து வந்தவரின் களைப்போடு.

இதற்குத் தீர்வே யோசிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யோசித்தார்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை உயரச் சாலை என்றார்கள். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்துக்குள் தூண்கள் முளைத்தன. ஆட்சி மாறியது. ஆற்றின் ஓட்டத்தைத் தூண் தடுக்கிறது என்று 2012-இல் வேலையை நிறுத்தினார்கள். கூவத்தின் ஓட்டத்தைப் பற்றி அரசாங்கம் அவ்வளவு கவலைப்பட்ட ஆண்டு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்புறம் பத்தாண்டுக் காலம் அந்தத் தூண்கள் மேலே எதையும் தாங்காமல் நின்றன. ரோம் நகரத்தில் மொட்டைத் தூண் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும், நமக்கு இலவசம். 2022 மே மாதம் பிரதமர் மோடி அதே சாலைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார், இம்முறை இரண்டடுக்கு, மதிப்பு 5,800 கோடி ரூபாய்க்கு மேல். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள் கல் வைத்த பெருமை வேறு எந்த ஊருக்கு உண்டு?

ஷெங்கன் விசா அதிகாரி ஒரு கேள்வி கேட்பார்: ‘நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?’ எண்ணூர் விரைவுச்சாலையில் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டரை எடுக்கிற பெண்ணிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் நாற்பதடி ட்ரெய்லர், அந்தப் பக்கம் நாற்பதடி ட்ரெய்லர், நடுவில் இரண்டடி இடைவெளி. அவர் என்ன ஆவணம் காட்டுவார்?

எல்லை தாண்டுவதைப் பற்றித் திருவொற்றியூருக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணந்தார், உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் நினைப்பு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. அன்றைக்கு வெளியே போனவருக்குக் கண் போனது, இன்றைக்கு உள்ளே வருகிறவருக்குக் கண் எரிகிறது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பும் ராத்திரிகளில் அது எந்த வாயு என்று எங்கள் பிள்ளைகள் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்கள். பிரான்சில் ஒயின் முகர்ந்து பார்த்து ஊரும் வருடமும் சொல்கிற நிபுணர்களுக்கு நல்ல சம்பளமாம். கடற்கரைக்குப் பக்கத்தில் பட்டினத்தார் சமாதி. கப்பல் வாணிபம், செல்வம் எல்லாம் போதும் என்று உதறிவிட்டு வந்தவரை இன்று கப்பல் சரக்கு நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கிறது. துறவிக்கு இதைவிடக் கடுமையான சோதனையை எந்தப் புராணமும் வைக்கவில்லை.

சரி, கடற்கரைக்கு வருவோம். பயணமே அதற்குத்தானே? மணலில் துண்டு விரித்துப் படுக்கலாம் என்று வந்தால் மணல் இருக்காது, கருங்கல் இருக்கும். காசிமேட்டிலிருந்து வடக்கே குவியல் குவியலாகக் கல், நடுநடுவே தூண்டில் வளைவுகள். பிரான்சின் நைஸ் நகரத்திலும் கூழாங்கல் கடற்கரைதான், அதன் மேல் படுத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறார்கள். எங்கள் கல்லின் மேலும் படுக்கலாம், முதுகெலும்பு ஒத்துழைத்தால்.

எங்கள் மணல் எங்கே போயிற்று என்று கேளுங்கள். அதுவும் ஒரு பயணக் கதை. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வெள்ளைக்காரன் 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்டக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினான். 1881 புயல் அதைப் புரட்டிப் போட்டது, மறுபடி கட்டினான். வடக்கே வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தங்கிவிட்டது. தங்கிய மணலைப் பார்த்து கவர்னர் கிராண்ட் டஃப் ஆசைப்பட்டு 1884-இல் உலாவும் சாலை அமைத்தார், மெரினா என்று பெயர் வைத்தார். அது இத்தாலிய ஞாபகத்தில் வைத்த பெயர். அங்கே மணல் ஏறிய வருடங்களில் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் ஏறியது. தெரு போனது, வீடு போனது, கோயில் போனது. மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டுக் கையைத் தட்டுகிறீர்களே, அந்த மணலில் எங்கள் தாத்தா வீட்டு வாசலும் கிடக்கிறது. இன்று தெற்கே கோவளத்தில் நீலக்கொடி பறக்கிறது. சுத்தமான கடற்கரைக்கு டென்மார்க்கிலிருந்து தரும் சான்றிதழ், 2021-இல் வந்தது. எங்கள் பக்கம் கொடி பிடிக்கிறவர்கள் கறுப்புக் கொடிதான் பிடிக்கிறார்கள்.

எண்ணூர் கழிமுகத்துக்கு வரும்போது எந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு இருக்கின்றன. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் இருக்கிறது, இங்கே கட்டுமானம் கூடாது என்ற பாதுகாப்போடு. பிற்பாடு மாநில அதிகாரிகள் கையில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை. ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு காகிதத்தில் வற்றிவிட்டது. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அகத்தியர் கடலைக் குடித்தார் என்பதை நம்பாதவர்கள் இதை நம்பலாம், கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கின்றன. ஆறே இல்லாத இடத்தில் சாம்பல் கொட்டினால் என்ன, மண் நிரப்பினால் என்ன? அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகிக் கழிமுகத்தின் அடியே சாம்பல் மெத்தையாகிக் கிடக்கிறது. இறாலைக் கையால் தடவிப் பிடித்த காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பத்துப் பெண்களின் கையில் இப்போது சாம்பல் சேறுதான் தட்டுப்படுகிறது.

ஜெர்மன் நகரங்களில் பழைய டீசல் காருக்குள் உட்கார்ந்திருப்பவனை ஊருக்குள் விடமாட்டார்கள், ஒரு காரின் புகைக்கு அத்தனை மரியாதை. இங்கே காரெல்லாம் கணக்கிலேயே இல்லை. உரம், சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ ரசாயனம், நிலக்கரி, சாம்பல் என்று நகரத்துக்கு வேண்டியது எல்லாம் எங்கள் தலைக்கு மேலே புகைகிறது. நகரம் ஸ்விட்ச் போட்டால் அங்கே விளக்கு, இங்கே இருமல். புகைபோக்கிக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் எந்த நாட்டில் கிடைக்கும் என்று அடுத்த முறை போகிறவர்கள் விசாரித்து வந்தால் நல்லது.

படகுச் சவாரியும் உங்கள் பட்டியலில் இருக்கும் என்று நினைக்கிறோம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அத்தனை பெரிய கடலில், அந்த இரண்டும், அந்த இடத்தில். சுற்றுச்சூழலுக்குச் சேதம் இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. அறிக்கையின் ஈரம் காய்வதற்குள் எர்ணாவூர் கரையில் எண்ணெய் தார் போல ஒதுங்கியது. செயற்கைக்கோள் விடுகிற நாடு அதை எடுக்க அனுப்பிய கருவி பிளாஸ்டிக் வாளி. மாணவர்களும் மீனவர்களும் வரிசையில் நின்று வாளி வாளியாக மொண்டார்கள். அந்த எண்ணெய் விசா கேட்காமல் தெற்கே போய் மெரினாவையும் பெசன்ட் நகரையும் தொட்ட பிறகுதான் நகரம் திடுக்கிட்டு எழுந்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். இம்முறை மணலியின் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்துக்கு வந்தது. எங்களுடையது இல்லை என்றது ஆலை. அங்கிருந்துதான் வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் இறகு எல்லாம் ஒரே நிறம். மீனவர்கள் மறுபடி இறங்கினார்கள், கையுறைகூட இல்லாமல், கையில் குளியலறைப் பிளாஸ்டிக் மக்கோடு. வாளியிலிருந்து மக்குக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பிடித்தன. வளர்ச்சி அவசரப்பட்டால் வராது.

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் மூச்சு அடைத்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வருகிற குழாயிலிருந்து அம்மோனியா. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். 2004-இல் அதே டிசம்பர் 26 அன்று கடலைப் பார்த்துப் பயந்து ஊருக்குள் ஓடிய ஜனங்கள் இவர்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லித்தர ஓர் அபாயச் சங்குகூட ஊதவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குப் போட்டு 5.92 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. இரண்டு தசம இடம் வரை துல்லியம். அந்த இரவு ஓடியவர்களின் நுரையீரல் எந்தத் தசமத்தில் வருகிறது? ஷெங்கனுக்குப் போகிறவனுக்கு 30,000 யூரோ காப்பீடு இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. இந்தக் குப்பங்களில் பிறக்கிறவனுக்கு அப்படி ஒரு விதி ஏன் இல்லை?

வெளிநாட்டவரை நாங்கள் உபசரிக்காமல் இல்லை. காக்கா ஆழி என்று ஒரு சிப்பி. அமெரிக்கக் கண்டத்துக் கரையைச் சேர்ந்தது. கப்பல்களின் அடிவயிற்றுத் தண்ணீரில் ஒளிந்து வந்து கழிமுகத்தில் குடியேறிவிட்டது. பாஸ்போர்ட் இல்லை, அட்டவணை இல்லை, திரும்பிப் போகிற எண்ணமும் இல்லை. ஆற்றடியைப் பாய் போல மூடிக்கொண்டு மட்டி, இறால் எல்லாவற்றையும் விரட்டிவிட்டுப் பழவேற்காடு வரை போய்விட்டது. எங்கள் ஆற்றில் நிரந்தரக் குடியுரிமை அதற்குத்தான்.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கினார்கள். குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. வரட்டும், வந்தால் வேண்டாம் என்போமா? ஆனால் பெரிய சாலை எதற்கு வருகிறது என்று பாருங்கள். எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில் முடிகிற எல்லைச் சாலை, ஏறக்குறைய 133 கிலோமீட்டர். ஒரு கடற்கரையில் புறப்பட்டு இன்னொரு கடற்கரையில் இறங்குகிற பயணம், சிக்னல் தொல்லை இல்லாமல். அதன் முதல் பகுதி எங்கள் சதுப்பு நிலத்தின் மேலேதான் காலை ஊன்றுகிறது. கன்டெய்னர் பெட்டி பல்லவர் சிற்பம் பார்க்கப் போகலாம். குறுக்கே சாலையைக் கடந்து தன் படகுக்குப் போக வேண்டிய மீனவன் பச்சை விளக்குக்காக இன்னும் நிற்கிறான்.

இத்தனைக்கும் எங்களைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. 2017-இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டில் புதியது ஒன்றைக் கட்ட 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பந்தல், நாற்காலி, தண்ணீர் பாட்டில், மைக் எல்லாம் இருந்தன. ஜனங்கள் வந்து வேண்டாம் என்றார்கள். இருமிக்கொண்டே சொன்னார்கள், அழுதுகொண்டே சொன்னார்கள், கெட்ட வார்த்தையிலும் சொன்னார்கள். எல்லாம் எழுதிக்கொள்ளப்பட்டது.

ஐரோப்பாவின் மிகச்சிறிய நாட்டுத் தூதரகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா உங்கள் விண்ணப்பத்தின் மேல் ‘மறுக்கப்பட்டது’ என்று குத்திவிட்டால் நீங்கள் கோடீஸ்வரராக இருந்தாலும் மீனம்பாக்கம் தாண்ட முடியாது. தன் நாட்டு எல்லைக்குள் எது வரலாம், எது கூடாது என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும். தலைமுறை தலைமுறையாக இந்த முகத்துவாரத்தில் வலை வீசுகிற குப்பத்துக்கு அந்த முத்திரை இன்றுவரை கிடையாது. கொதிகலன் வந்தால் உள்ளே விட வேண்டும், குழாய் வந்தால் விட வேண்டும், சாம்பல், எண்ணெய், அம்மோனியா, நிலக்கரிக் கப்பல், வேற்றுக் கண்டத்துச் சிப்பி, நிலத்தில் ஆறே இல்லை என்று சொல்கிற வரைபடம், எது வந்தாலும் விட வேண்டும். காரணம் எழுதிக் கொடுக்க எங்களுக்குத் தெரியும், கட்டுக்கட்டாக வைத்திருக்கிறோம். அந்த ரப்பர் ஸ்டாம்பை மட்டும் ஒரு நாளைக்குக் கொடுத்துப் பாருங்கள். குத்து வாங்கித் திரும்ப வேண்டியவர்களின் வரிசை எர்ணாவூரில் தொடங்கி ஜீரோ கேட் வரை நிற்கும்.